மாட்டிக்கொண்டதற்கு இங்கிலீஷில் என்ன?

சொல் துல்லிய வாரியம் என்று ஒன்று எதற்காக வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் நடந்ததை எல்லாம் சும்மா கட்டிவிட்ட கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

மார்க்கெட் ரொம்பக் குப்பையாக இருக்கிறதே, அதைக் 'க்ளீன்' பண்ணுங்கள் என்று மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு கிளம்பியது. எழுதியவர் அவசரத்தில் 'க்ளியர்' என்று எழுதிவிட்டார். எல்லாம் ஒன்றுதானே என்பது அவர் எண்ணம். க்ளீன் என்றால் பெருக்கித் துடைப்பது. க்ளியர் என்றால் இருப்பதை எல்லாம் அப்புறப்படுத்துவது. மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு காய் வாங்க வந்த ஜனங்கள் பார்த்தால், மார்க்கெட் இருந்த இடத்தில் வெட்டவெளி. கடை இல்லை, கூரை இல்லை, தராசு இல்லை. நட்டநடுவில் ஓர் அழுகின தக்காளி மட்டும் கிடந்தது. க்ளீன் பண்ணச் சொல்லி உத்தரவில் இல்லை என்பதால் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் வாரியம் வந்தது. பொது இடத்தில் யார் ஓர் இங்கிலீஷ் வார்த்தையை எழுதி வைத்தாலும் வாரியம் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒரு ரூம், ஒரு மேஜை, ஓர் அகராதி. நாளடைவில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பிரிவு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அதிகாரி என்று வளர்ந்து ஏழு மாடிக் கட்டடம் ஆகிவிட்டது. 'பிக்' பிரிவுக்கு ஒரு ஜன்னல்தான், 'லார்ஜ்' பிரிவுக்கு மூன்று ஜன்னல் என்று ஒரு வருஷம் சண்டை நடந்தது. 'ஸ்பீக்' பிரிவுக்காரர்களும் 'டாக்' பிரிவுக்காரர்களும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

இந்தக் கட்டடத்துக்குத்தான் அன்றைக்குப் பட்டனும் அவர் சம்சாரமும் வந்தார்கள்.

பட்டன் என்பது தெருவில் அவருக்கு வைத்த பேர். சம்சாரம் தையல்காரி. அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது எல்லாம் அந்த அம்மாள். பட்டன் தைப்பதும் இஸ்திரி போடுவதும் இவர். வீட்டில் படுக்கிற அறையின் மூலையில் மெஷினைப் போட்டுக் காலம் தள்ளிய அந்த அம்மாளுக்குச் சொந்தமாக ஒரு கடை வேண்டும், வாசலில் ஒரு போர்டு வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கடை கிடைத்துவிட்டது. போர்டும் எழுதியாகிவிட்டது. சிவப்பில் 'லேடீஸ் டெய்லர்' என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து. ஆனால் வாரியம் சரி சொல்லாத வார்த்தையை ஜனங்கள் கண்ணில் காட்டக் கூடாது. அதனால் போர்டு கடைக்குள்ளே, தப்புப் பண்ணின பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

அந்தக் கடை முன்னாடி ஜெராக்ஸ் கடையாக இருந்தது. போர்டு இல்லாததால் வருகிறவர்கள் எல்லாம் காகிதத்தோடுதான் வந்தார்கள். "ரெண்டு பக்கமும் காப்பி போடணும்" என்று ஒரு நாள் ஒருத்தர் நீட்டியபோது டெய்லரம்மா அழாத குறை.

வாரியத்துக்கு முதல் தடவை போனபோது ஓர் அதிகாரி கேட்டார், "லேடீஸ் டெய்லர்னா, டெய்லர் லேடியா, இல்ல துணி லேடிக்கா?"

"ரெண்டும்தான் சார்" என்றார் பட்டன்.

"ரெண்டும்னா ரெண்டு போர்டு வைக்கணும்."

அதை ஒரு வழியாகத் தீர்த்துக்கொண்டு இரண்டாம் தடவை போனபோது, "லேடி வேற, வுமன் வேற. இவங்க எதுன்னு நேர்ல பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆறாம் மாடிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். ஆக, இது மூன்றாம் தடவை. டெய்லரம்மா தானே தைத்த புதுச் சட்டையும் நீலப் புடவையுமாக, லேடி என்று எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்திருந்தார்.

வாசலில் வாட்ச்மேன் இரண்டு பேரின் ஃபோனையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினான். உள்ளே ஒரே ஒரு லிஃப்ட். பட்டனுக்கு லிஃப்ட் என்றால் பயம். டெய்லரம்மாவுக்கு முழங்கால் வலி.

"நீ லிஃப்ட்ல போம்மா. நான் படியேறி வந்துடறேன்" என்றார் பட்டன்.

அவர் இரண்டாம் மாடியைத் தாண்டியிருப்பார். கட்டடத்தின் வயிற்றுக்குள்ளிருந்து கடமுடவென்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு குலுக்கல். அப்புறம் மூன்றாம் மாடி லிஃப்ட் கதவின் இடுக்கு வழியாக அவருக்கு ரொம்பப் பழக்கமான ஒரு குரல்.

"ஏங்க! எங்க இருக்கீங்க? இது நின்னு போச்சு!"

பட்டன் இறக்கை கட்டிக்கொண்டு கீழே ஓடினார்.

"அண்ணே, என் சம்சாரம் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா!"

வாட்ச்மேன் பதறவில்லை. "மாட்டிக்கிட்டான்னா? இங்கிலீஷ்ல சொல்லுங்க. ஸ்டக்கா, ட்ராப்டா?"

"எதுவா இருந்தா என்ன? ஆளை வெளிய எடுக்கணும்!"

"ஸ்டக்னா மூணாம் மாடி. ட்ராப்டுன்னா அஞ்சாம் மாடி. தப்பான மாடிக்குப் போய் நின்னீங்கன்னா அவங்க எழுதிக் குடுத்துடுவாங்க, அப்புறம் மாத்தவே முடியாது."

"அப்ப என் ஃபோனையாவது குடுங்க. ஃபயர் சர்வீஸைக் கூப்பிடறேன்."

"நீங்க எக்ஸிட் ஆனாத்தான் ஃபோன் தரலாம்."

"சரி, ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வந்துடறேன்."

"அது லீவ். திரும்பி வர்ற எண்ணத்தோட போனா லீவ். ஒரேயடியாப் போனாத்தான் எக்ஸிட். அதுவும் நீங்க ரெண்டு பேரா வந்திருக்கீங்க, ரெண்டு பேராத்தான் போகணும்."

பட்டன் மறுபடி படியேறினார்.

மூன்றாம் மாடியில் ஸ்டக் பிரிவு அதிகாரி மேஜையில் ஒரு கோந்து பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். சின்னத் தலை, பெரிய கண்ணாடி. பட்டன் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் கோந்தைத் தடவித் தன் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு கையை உதறிக் காட்டினார்.

"பார்த்தீங்களா? போகுதா? போகாது. இதுதான் ஸ்டக். நகர முடியாம இருக்கணும். உங்க சம்சாரத்தால கை காலை அசைக்க முடியுதா?"

"தெரியலையே சார்."

"கேட்டுட்டு வாங்க."

பட்டன் லிஃப்ட் கதவிடம் ஓடினார். "கை காலை எல்லாம் அசைக்க முடியுதாம்மா?"

"கதவைத் திறந்து விடுங்க, அசைச்சுக் காட்டறேன்!"

திரும்பி ஓடினார். "நல்லா அசைக்கிறா சார்."

"அப்ப லிஃப்ட்தான் ஸ்டக். அவங்க ஸ்டக் இல்லை. லிஃப்டுக்காக லிஃப்ட் வந்து மனுக் குடுக்கணும், இல்லன்னா அதோட உரிமையாளர் குடுக்கணும். நீங்க அஞ்சாம் மாடிக்குப் போங்க." சொல்லிவிட்டு விரலிலிருந்து காகிதத்தைப் பிய்க்கப் பார்த்தார். வரவில்லை. அதைக் கவனிக்காத மாதிரி பேனாவை எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் மாடியில் ட்ராப் பிரிவை ஓர் அம்மாள் நடத்திக்கொண்டிருந்தார். மேஜைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எலிப்பொறி. ரொட்டித் துண்டு உள்பட எல்லாம் முறைப்படி இருந்தது. பட்டனுக்கு மூச்சிரைத்தது.

"ட்ராப்புன்னா மூணு விஷயம் வேணும்" என்றார் அந்த அம்மாள், பொறியைப் பென்சிலால் தொட்டுக்கொண்டே. "பொறி வேணும். இரை வேணும். வெச்சவன் ஒருத்தன் வேணும். லிஃப்ட் பொறின்னு வெச்சுக்கலாம். அவங்களை உள்ள இழுத்த இரை என்ன?"

"முழங்கால் வலிதான் மேடம்."

"பெயினா, ஏக்கா?"

"ரெண்டும் வலிதானே மேடம்?"

அந்த அம்மாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். யாரோ அவரைக் கைநீட்டி அடித்துவிட்ட மாதிரி முகம் போயிற்று. "பெயின்னா சுருக்குனு குத்தறது. ஏக்னா நமநமன்னு இருந்துக்கிட்டே இருக்கறது. ஒரு குடும்பத் தலைவருக்கு இதுகூடத் தெரியாதா?"

"உக்கார்ந்திருந்தா நமநமங்கும். படியேறினா சுருக்குங்கும்."

"அதனால?"

"அதனால நான்தான் சொன்னேன், நீ லிஃப்ட்ல போம்மான்னு."

அதிகாரி அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப வெச்சவர் நீங்கதானா?"

"என்ன மேடம்?"

"அவங்களுக்கு வலின்னு தெரியும். வலி இருந்தா லிஃப்ட்ல போவாங்கன்னு தெரியும். நீங்க மட்டும் படியில வந்திருக்கீங்க. லிஃப்ட் மேல நம்பிக்கை இல்லாத ஆள் சம்சாரத்தை மட்டும் எதுக்கு அதுல ஏத்தினீங்க? வீட்டுல சண்டை உண்டா?"

"எல்லா வீட்டுலயும் இருக்கறதுதானே மேடம்."

"ஃபைட்டா, குவாரலா?"

"வாய்ச்சண்டைதான்."

"யார் வாய்?"

"அவ வாய்தான்" என்றார் பட்டன், கொஞ்சம் பெருமையாகவே.

அந்த அம்மாள் 'மோட்டிவ்' பிரிவிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட மணியடிப்பதற்குள் பட்டன் நழுவிப் படியிறங்கிவிட்டார். வாழ்நாளில் ஓர் எறும்பைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போகிற மனுஷர், சொந்தச் சம்சாரத்தைப் பொறி வைத்துப் பிடித்தவராகிவிட்டார்.

லிஃப்ட் கதவில் வாயை வைத்து, "உன்னை யாரும் கூப்பிட்டுக் கேட்டா, நான் ஒண்ணும் பண்ணலைன்னு சொல்லும்மா" என்றார்.

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்கறதுதான் எனக்கு இங்க நிக்க நிக்கத் தெரியுதே!" என்றார் டெய்லரம்மா. "ஏங்க, உள்ள ஒரு பொத்தான் இருக்கு. அலாரம்னு எழுதியிருக்கு. அழுத்தலாம்னா இவர் விடமாட்டேங்கறாரு."

"எவர்?"

"என்கூட இன்னொருத்தர் இருக்காருங்க. கோட்டு போட்டிருக்காரு. பொத்தானைக் கையால மூடிக்கிட்டு நிக்கறாரு."

இடுக்கு வழியாக ஓர் ஆண்குரல் வந்தது. கனமான, நிதானமான குரல். "பொத்தான்ல எழுதியிருக்கறது அலாரம். அலாரம்னா பீதி. இப்ப எனக்கு இருக்கறது பீதி இல்லை, வெறும் கவலை. கன்சர்ன். கன்சர்னுக்கு அலாரத்தை அழுத்தினா அது பொய்த் தகவல் ஆயிடும்."

மூன்றாம் மாடி முழுவதும் ஒரு நொடியில் எழுந்து நின்றது. அந்தக் குரல் எல்லாருக்கும் தெரியும். சுற்றறிக்கைகளை ஒலிபெருக்கியில் வாசிக்கிற குரல். ஆளைப் பார்த்தவர்கள்தான் குறைவு. எல்லாருக்கும் முன்னால் வந்து, ஏழாம் மாடிக்கு ஏறி, எல்லாரும் போனபிறகு இறங்குகிறவர். அன்றைக்கு மட்டும் நேரம் கழித்து வந்திருந்தார் போலிருக்கிறது.

"டைரக்டர் சார்!" என்று அலறினார் ஸ்டக் அதிகாரி. "நீங்களா சார் உள்ள? தனியாவா சார் இருக்கீங்க?"

"அலோனான்னு கேக்கறியா, லோன்லியான்னு கேக்கறியா?" என்றது குரல். "அலோன் இல்லை. பக்கத்துல ஒரு அம்மா இருக்காங்க. ஆனா லோன்லி. நிறைய லோன்லி."

"என்னை ஆளாவே மதிக்கலை பாருங்க" என்றது டெய்லரம்மாவின் குரல்.

இனி எல்லாம் சட்டென்று நடந்துவிடும் என்று பட்டன் நினைத்தார். டைரக்டரே உள்ளே இருக்கிறார், சும்மா விடுவார்களா? அவர்கள் சும்மா விடவில்லை. லிஃப்ட் கதவுக்கு எதிரே நாற்காலிகள் போட்டார்கள். நீளமான மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாப் பிரிவுத் தலைவர்களும் இறங்கியும் ஏறியும் வந்து உட்கார்ந்தார்கள். தண்ணீர்ப் பாட்டில் வைத்தார்கள். லிஃப்ட் கதவைத் தலைமை இருக்கையாக வைத்துக் கூட்டம் ஆரம்பித்தது.

முதல் பேச்சு, இது அர்ஜென்ட்டா, இம்பார்ட்டன்ட்டா என்பதைப் பற்றி. அர்ஜென்ட் என்றால் சீக்கிரம் செய்ய வேண்டியது. இம்பார்ட்டன்ட் என்றால் ஆற அமர யோசித்துச் செய்ய வேண்டியது. டைரக்டர் விஷயத்தை அர்ஜென்ட் என்றால் அவர் இம்பார்ட்டன்ட் இல்லை என்று அர்த்தமாகிவிடும் என்று ஒருவர் எழுந்து சொன்னார். அதை மறுத்துப் பேச யாருக்கும் தைரியம் இல்லை. இம்பார்ட்டன்ட் என்று ஒருமனதாக முடிவாயிற்று. அதனால் ஆற அமர யோசிக்க ஆரம்பித்தார்கள்.

"ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிடலாமே சார்" என்றார் பட்டன், ஓரத்தில் நின்று.

"கூப்பிட்டு என்ன சொல்றது?" என்று 'ரிப்பேர்' பிரிவுத் தலைவர் திரும்பினார். "ரிப்பேர் பண்ணுன்னா? ஃபிக்ஸ் பண்ணுன்னா? ஃபிக்ஸ்னா சரி பண்றதுன்னும் அர்த்தம், அசையாம பொருத்தறதுன்னும் அர்த்தம். ஏற்கெனவே அசையாமத்தான் இருக்கு. அவன் வந்து இன்னும் ஒரு ஆணி அடிச்சுட்டுப் போயிட்டா யார் பொறுப்பு?"

"நல்ல கேள்வி" என்றது கதவுக்குள்ளிருந்து டைரக்டரின் குரல். "எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள்.

டைரக்டர் உள்ளிருந்தே கொஞ்சம் பேசினார். "நண்பர்களே, ஒண்ணு சொல்லணும். நம்ம ஊர்ல ஆயிரம் லிஃப்ட் இருக்கு. ஆயிரம் பேர் மாட்டிக்கறாங்க, வெளிய வர்றாங்க. எந்த வார்த்தையில மாட்டிக்கிட்டோம்னே தெரியாம வெளிய வந்து வீட்டுக்குப் போயிடறாங்க. அது ஒரு வாழ்க்கையா? எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் சரியான வார்த்தையில்தான் வெளிய வருவேன்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. 'கிளாப்' பிரிவும் 'அப்ளாஸ்' பிரிவும் போட்டி போட்டுக்கொண்டு தட்டின.

கைதட்டல் நின்றபோதுதான் பட்டன் ஒன்றைக் கவனித்தார். டெய்லரம்மாவின் சத்தம் இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தச் சத்தத்துக்குள்ளேயே குடியிருந்தவர். ஊசியைக் காணோம் என்றால் திட்டு, இஸ்திரி சூடு அதிகம் என்றால் திட்டு, சாப்பிடக் கூப்பிடுவதும் திட்டிக்கொண்டேதான். அது நின்றால் அந்த அம்மாளுக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று அர்த்தம். அந்த மாதிரி ஒரே ஒரு தடவை நின்றிருக்கிறது. அப்போது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது.

"ஏம்மா?" என்றார் கதவில் வாயை வைத்து.

பதில் இல்லை.

"ஏம்மா, நான்தான். பேசும்மா."

"இங்க காத்து இல்லைங்க" என்றது குரல், ரொம்பச் சின்னதாக. "தலையைச் சுத்துது. நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

அவ்வளவுதான். திட்டு இல்லை.

பட்டனுக்கு உள்ளே என்னவோ அறுந்துபோயிற்று. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் லிஃப்ட் கதவை இரண்டு கையாலும் ஓங்கி அடித்தார். தண்ணீர்ப் பாட்டில்கள் ஆடின.

"யோவ் டைரக்டர்!" என்றார்.

வாரியம் ஆரம்பித்ததிலிருந்து அந்த இரண்டு வார்த்தைகளும் சேர்ந்து அந்தக் கட்டடத்தில் கேட்டதில்லை. 'ஷாக்' பிரிவுத் தலைவர் பேனாவைக் கீழே போட்டார்.

"உனக்கு வெறும் கவலைன்னா இருந்துட்டுப் போ. எனக்குப் பீதியா இருக்கு! வயித்துலேர்ந்து தொண்டை வரைக்கும் பீதி! அந்தப் பொத்தான்ல என்ன எழுதியிருக்கோ அது எனக்கு முழுசா இருக்கு! எனக்குப் பதிலா அவ அழுத்தட்டும். கையை எடு!"

"உங்களுக்குப் பதிலா" என்று டைரக்டர் மெதுவாக யோசித்தார். "அதாவது, உங்க சார்பா. ஆன் பிஹாஃப்னு சொல்றதா, இன் பிஹாஃப்னு சொல்றதா? ஆன் பிஹாஃப்னா உங்க இடத்துல இருந்து அவங்க செய்யறாங்க. இன் பிஹாஃப்னா உங்க நன்மைக்காக அவங்க..."

ஒவ்வோர் அர்த்தத்துக்கும் ஒரு விரலை மடக்குவது அவர் பழக்கம் போலிருக்கிறது. மடக்குவதற்குக் கையை எடுத்திருக்கிறார்.

"யோவ், தள்ளிப் போய்யா!" என்று டெய்லரம்மாவின் குரல் கேட்டது. பழைய குரல், பழைய சூடு. அடுத்த நொடி கட்டடம் அதிர மணி அடித்தது.

வாரியத்தில் அலாரம் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கருத்துக்கு இடமில்லாமல் ஒரு சுற்றறிக்கை இருந்தது. எல்லாரும் வெளியேற வேண்டும். போகுமுன் அவரவர் பிரிவில் விளக்கு, விசிறி, ஏ.சி. எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். அதை எழுதியவர் யாரோ வார்த்தை தெரியாதவராக இருந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் புரிந்தது. டைரக்டர் உள்ளே இருக்கிறாரே என்று ஒருவர் தயங்கினார். சுற்றறிக்கையில் 'எல்லாரும்' என்றுதான் இருக்கிறது, 'டைரக்டர் நீங்கலாக' என்று இல்லை, ஆகவே அவரும் எப்படியோ வெளியேறுவதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொருவர் விளக்கினார். அடுத்த கணம் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஏழு மாடியும் வழிந்து தெருவில் கொட்டியது. கட்டைவிரலில் காகிதத்தோடு ஸ்டக் அதிகாரி. மார்போடு அணைத்த எலிப்பொறியோடு ட்ராப் அம்மாள்.

பட்டன் மட்டும் நகரவில்லை. இருட்டிப்போன மூன்றாம் மாடியில் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

ஏழு மாடி ஏ.சி.யும் மொத்த மின்சாரத்தையும் உறிஞ்சிக்கொண்டிருந்தவரை அசையாமல் நின்ற லிஃப்ட், ஒருமுறை செருமிக்கொண்டது. அப்புறம் மெதுவாகக் கீழே இறங்கியது. அலுவலகம் வேலையை நிறுத்திய நிமிஷத்தில் லிஃப்ட் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

பட்டன் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினார். கீழே கதவு திறந்தது. புடவை கசங்கி, முகம் எல்லாம் வேர்வையாக டெய்லரம்மா வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும், "சட்டையில மேல் பட்டனைப் போடாம வந்திருக்கீங்க. நீங்க பட்டன் தைக்கிற லட்சணம் ஊருக்கே தெரியட்டும்" என்றார். பட்டனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு இனிமையாக யாரும் அவரைத் திட்டியதில்லை.

டைரக்டர் பின்னாலேயே வந்தார். நேராக வாசல் படிக்குப் போய், தெருவில் கூடியிருந்த ஊழியர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மணி ஓய்ந்தது.

"நண்பர்களே, இன்னிக்கு நடந்தது ஆக்ஸிடென்ட் இல்லை. இன்ஸிடென்ட். ஆக்ஸிடென்ட்னா, ஏன் நடந்தது, யாரால நடந்ததுன்னு யாராவது வந்து கேப்பாங்க. இன்ஸிடென்ட்னா அது பாட்டுக்கு நடந்தது, அது பாட்டுக்குப் போச்சு. நம்ம வாரியத்துல இத்தனை வருஷத்துல ஒரு ஆக்ஸிடென்ட்கூட நடந்தது கிடையாது. இந்தப் பெருமை யாரைச் சேரும்? லிஃப்டைச் சேருமா? மெக்கானிக்கைச் சேருமா? எல்லாத்தையும் சரியான வார்த்தையில எழுதி வைக்கிற உங்களைத்தான் சேரும்!"

தெருவே அதிரும்படி தட்டினார்கள்.

டெய்லரம்மா அவர் எதிரில் போய் நின்றார். "சார், என் போர்டு?"

டைரக்டர் கோட்டைச் சரிபண்ணிக்கொண்டார். "அம்மா, வுமன்ங்கறது பிறப்பு. லேடிங்கறது நடத்தை. உங்களைக் கிட்டத்துல இருந்து நேரடியா ஆய்வு செய்யற வாய்ப்பு இன்னிக்கு எனக்கு அமைஞ்சது. நீங்க என்னைப் பார்த்து 'யோவ், தள்ளிப் போய்யா'ன்னீங்க."

"ஆமா."

"ஒரு லேடி அப்படிச் சொல்லமாட்டா. அதனால லேடி கிடையாது. வுமன் உண்டு. வுமன்ஸ் டெய்லர்னு வெச்சுக்கலாம்."

"எப்பக் குடுப்பீங்க?"

"இதோ."

அங்கேயே, பட்டன் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாட்ச்மேன் ஃபோன்களைக் கொடுத்தான். "இப்ப இது எக்ஸிட்" என்றான், திருப்தியாக.

நடந்து போகும்போது பட்டன் தயங்கித் தயங்கிக் கேட்டார், "லேடி இல்லைன்னுட்டாரே, வருத்தமா?"

"போகட்டும் விடுங்க. போர்டுல ஒரு வார்த்தையை மாத்தி எழுதினாப் போச்சு." கொஞ்ச தூரம் போனதும், "நீங்களும்தான் யோவ்னீங்க. உள்ள கேட்டுச்சு" என்றார். அப்புறம் வீடு வரும்வரை அவர் கையை விடவில்லை.

போர்டு ஏறியது. முதல் நாளே வாசலில் ஒரு மாமி நின்று அண்ணாந்து பார்த்து, "வுமனுக்கு மட்டும்தானா, எங்க மாதிரி லேடீஸுக்கும் தைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். அவர் சொல்லி இன்னும் நாலு பேர் வந்தார்கள். மெஷின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்க ஆரம்பித்தது. ஜெராக்ஸ் கேட்டு வருவது நின்றது.

அப்படி ஒரு மத்தியான நேரம். கடை வாசலில் ஒரு கோட்டு நின்றது. உள்ளே வரவில்லை. போர்டைப் பார்ப்பதும், தெருவைப் பார்ப்பதும், மறுபடி போர்டைப் பார்ப்பதுமாகத் தவித்தது. இரண்டு கையும் பின்பக்கம், ஒரு ஃபைலை இறுகப் பிடித்தபடி.

"டைரக்டர் சாரா?" என்றார் டெய்லரம்மா, கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு. "உள்ள வாங்க சார்."

"இது வுமன்ஸ் டெய்லர்னு போட்டிருக்கே" என்றார் அவர். "நானே போட்டது."

"அது போர்டுக்கு. நீங்க வாங்க."

வந்தார். பக்கவாட்டிலேயே நடந்து, சுவரோரமாக நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"குனிஞ்சு ஒரு பேனாவை எடுத்தேம்மா. பின்னால சத்தம். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலிடத்துலேர்ந்து பெரிய அதிகாரி வர்றாரு, அவர் முன்னால நான் எழுந்து நின்னு பேசணும். எல்லாரையும் கூப்பிட்டேன். ஒரு பக்கம் டேர்ங்கறான். ஒரு பக்கம் ரிப்புங்கறான். ஸ்ப்ளிட்டுன்னு ஒருத்தன் மேல்மாடியிலேர்ந்து அகராதியோட ஓடி வர்றான். மேஜை போட்டுட்டாங்க, நாற்காலி போட்டுட்டாங்க. ஒருத்தன்கூட ஊசியை எடுக்கலைம்மா. யாருக்கும் தெரியாம படியிறங்கி வந்துட்டேன்."

பட்டன் சிரிப்பை அடக்க இஸ்திரிப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டெய்லரம்மா ஊசியில் கறுப்பு நூலைக் கோத்தார். நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி, முடிச்சுப் போட்டு, கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"சரி, சொல்லுங்க சார். என்ன ஆச்சு? டேரா, ரிப்பா?"

டைரக்டர் வாசலை எட்டிப் பார்த்தார். தெருவில் வாரியத்து ஆள் ஒருவரும் இல்லை. ஃபைலை மெதுவாகப் பின்னாலிருந்து எடுத்தார்.

"கிழிஞ்சிடுச்சும்மா" என்றார்.